கொட்டாஞ்சேனையும் அதன் மக்களும்

கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கே, சற்று மேடுபட்ட நிலத்திற் பரந்து கிடக்கும் குடியிருப்புக்குக் கொட்டாஞ்சேனை என்று பெயர். தபாற் பகுதியினர் அதனைக் கொழும்பு 13 என்று குறிப்பர். வுல்வெண்டால் மேட்டிலுள்ள ஒல்லாந்தர் தேவாலயத்தின் வாயிலிலிருந்து ஒருவர் ஆறுதலாக நடக்கத் தொடங்குவாரானால், ஒரு மணி நேரத்துக்குள் கருங்கல்லாலாகிய சிவன் கோயிலொன்றையும், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தையும், பௌத்த விகாரையொன்றையும், உயர்ந்த குவிமாடத்தையுடைய புனித லூசியாள் பேராலயத்தையும் கண்டுவிடலாம். தெற்கேயுள்ள சோனகத் தெருக்களிலிருந்து பாங்கோசையும் அவர் செவியில் விழும். இத்துணைச் சிறிய இடத்தில் இத்துணைச் சமயங்களும் இனங்களும் மொழிகளும் எவ்வாறு வந்து கூடின என்பதும், கூடியவர்கள் ஒருவரையொருவர் பொறுத்து வாழ எவ்வாறு பழகினர் என்பதும் ஆராயத்தக்க விடயங்களாம்.

ஊரின் பெயரே அதன் பழைய நிலையை ஓரளவு உணர்த்துகின்றது. சிங்களத்தில் ‘ஹேன’ என்றும் தமிழிற் ‘சேனை’ என்றும் வழங்கும் சொல், காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் நிலத்தைக் குறிப்பது. இன்று ஒரு சாண் மண்ணுக்கும் பெருவிலை கூறப்படும் இவ்விடம் ஒரு காலத்திற் குரக்கனும் எள்ளும் போன்ற புன்செய்ப் பயிர்கள் விளைந்த புறநகர்ச் சேனையாக இருந்திருத்தல் வேண்டும். கோட்டைக்குள் ஆட்சியாளரும், கோட்டைக்கு வெளியே புறக்கோட்டையில் வணிகரும் வாழ்ந்த நாள்களில், அதற்கும் அப்பாற்பட்ட நிலமாகவே கொட்டாஞ்சேனை விளங்கிற்று.

போர்த்துக்கேயர் இப்பகுதியிற் குவாதலூப்பே மாதாவின் பெயரால் ஓர் ஆலயம் அமைத்திருந்தனர் என்பர். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர், ‘குவாதலூப்பே’ என்ற பெயரின் ஓசையில் ஓநாயைக் குறிக்கும் சொல் இருப்பதாகக் கருதி, அவ்விடத்துக்கு ‘வுல்வெண்டால்’, அதாவது ஓநாய்ப் பள்ளத்தாக்கு, எனத் தம் மொழியிற் பெயரிட்டனர். இலங்கையில் ஓநாய் வாழ்ந்ததில்லை. மேட்டு நிலமாகிய அவ்விடம் பள்ளத்தாக்குமன்று. ஒருவர் மொழியை மற்றொருவர் பிழையாக விளங்கிக்கொண்டதனாற் பிறந்த அப்பெயர் இன்றளவும் நிலைத்துவிட்டது. அண்மையிலுள்ள புளூமெண்டாலும் ஒல்லாந்தர் இட்ட பெயரே. மலர்ப் பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். நகரத்துக் குப்பைகள் மலைபோற் குவிக்கப்பட்ட இடமாகவே பிற்காலத்தார் அதனை அறிவர்.

வுல்வெண்டால் தேவாலயத்தின் கட்டட வேலை 1749இல் தொடங்கிற்று. 1757இல் அது வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. சிலுவை வடிவில், ஏறக்குறைய ஐந்தடிப் பருமனுள்ள சுவர்களோடு எழுப்பப்பட்ட அக்கட்டடம் துறைமுகத்தை நோக்கி வந்த மாலுமிகளுக்குத் தொலைவிலிருந்தே தெரிந்தது. கோட்டையிலிருந்த பழைய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்த ஒல்லாந்தப் பெரியோரின் எச்சங்கள் 1813இல், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், இங்குக் கொண்டுவரப்பட்டன. பறங்கியர் பலர் பிற்காலத்தில் அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்தம் முன்னோரின் பெயர் பொறித்த நடுகற்கள் தேவாலயத்தின் தரையிலும் சுவரிலும் இன்றும் உள்ளன.

ஒல்லாந்தர் தாம் தழுவிய சீர்திருத்தச் சபையையன்றி ஏனைய சமயங்களை விரும்பினாரல்லர். கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை விதிக்கப்படும் என்று 1658இல் அவர்கள் கட்டளை பிறப்பித்தனர். அந்நெருக்கடியான காலத்திற் கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குரு ஒருவர் வணிகர் கோலத்தில் இப்பகுதியில் மறைந்து வாழ்ந்தார் என்றும், கடலரிப்பினால் வருந்திய மீனவர் அவரை வேண்டிக்கொள்ள, அவர் கரையிற் சிலுவையை நாட்டிச் செபித்தார் என்றும், கடல் பின்வாங்கியது என்றும் செவிவழிச் செய்தி கூறும். அவ்விடத்தில் எழுந்த சிறு குடிலே கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தின் தொடக்கமாகும். பெருங்கட்டடமாக அமைந்த ஆலயம் 1834இல் நேர்ந்தளிக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கு மெழுகுதிரி ஏற்றுவோருட் கத்தோலிக்கர் அல்லாதாரும் பலர் உளர். நேர்த்திக்கடன் வைக்கும் தாய்மார், திருச்சுரூபத்தின் முன் நிற்பவர் எச்சமயத்தார் என்று உசாவுவதில்லை.

தமிழர் இங்கு ஒரே வழியில் வந்து சேர்ந்தவர்களல்லர். தென்னிந்தியாவிலிருந்து வணிகத்தின் பொருட்டுப் பல தலைமுறைகளுக்கு முன்னரே வந்து குடியேறிய கொழும்புச் செட்டிகளுட் பெரும்பாலோர் காலப்போக்கிற் கிறித்தவராயினர். ஜிந்துப்பிட்டியில் உள்ள புனித தோமையார் ஆலயம் தேசாதிபதி பிரவுண்றிக் காலத்தில், தமிழ்க் கிறித்தவர்களுக்காக எழுப்பப்பட்டது. அதே ஜிந்துப்பிட்டியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் உண்டு. தமிழ் நாடக மேடைகளுக்கும் அவ்விடம் ஒரு காலத்திற் பெயர்பெற்றிருந்தது. தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த பரதர்கள் கத்தோலிக்கராகவும் வணிகராகவும் இங்கு நிலைகொண்டனர். 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் செட்டிகளும் பரதர்களும் தனித்தனி இனத்தவராகவே கணக்கெடுக்கப்பட்டனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் செட்டியார் தெருவிற் கதிரேசன் கோயில்களை அமைத்து, அங்கிருந்து ஆடி மாதத்தில் வேல் விழாவை நடத்தி வந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்தின் பொருட்டு வந்தோரும், மலைநாட்டிலிருந்து கடைத்தொழிலுக்கு இறங்கி வந்தோரும் பின்னர் இவர்களோடு கலந்தனர்.

இச்சைவ மக்களின் வழிபாட்டுக்குத் தலையாய இடமாக விளங்குவது பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பல முதலியார் 1857இல் அமைத்த அக்கோயிலை, அவருடைய மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுவதும் கருங்கல்லாலேயே புதுக்கினார். தூண்தோறும் சிற்ப வேலைப்பாடமைந்த அதன் மண்டபத்துள் நுழைவோர், துறைமுகத்துப் பாரவண்டிகள் இரையும் தெரு சில அடித் தொலைவிலேயே உள்ளது என்பதை மறந்துவிடுவர். 1902இல் நிறுவப்பட்ட விவேகானந்த சபை அயலிலுள்ள மேட்டில் அமைந்து, அம்மேட்டுக்கே விவேகானந்தர் பெயரை நல்கிற்று.

பௌத்தர்களின் தீபதுத்தமாராமய விகாரையும் சிறப்பிற் குறைந்ததன்று. 1873இற் பாணந்துறையில் நிகழ்ந்த சமய வாதத்தினாற் புகழ்பெற்ற மீகெட்டுவத்தே குணானந்த தேரர் இங்கேயே வாழ்ந்தார். சீயத்து அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும், இலண்டனிற் பொறியியல் கற்று ஐரோப்பாவிலே தம் நாட்டின் தூதராகக் கடமையாற்றியவருமான பிரிஸ்தாங் இளவரசர், 1896இல் இலங்கையிற் துறவு பூண்டு, பின்னர் இவ்விகாரையின் தலைமைத் தேரராகச் சில ஆண்டுகள் இருந்தார். அவர் எழுப்பிய தாதுகோபம் இலங்கையின் ஏனைய தாதுகோபங்களினின்றும் வேறுபட்ட தோற்றமுடையது.

கொட்டாஞ்சேனையின் தன்மையை முற்றாக மாற்றியது துறைமுகமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது செல்வந்தர் வாழ்ந்த இடம். விசாலமான விறாந்தைகளையுடைய மாளிகைகளும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களும் இங்கிருந்து முகத்துவாரம் வரை இருந்தன. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதடுப்பு அணை 1885இல் முடிவுற்றதும், காலித் துறைமுகத்துக்குச் சென்ற கப்பல்கள் கொழும்பை நாடின. நிலக்கரி சுமப்போர், படகோட்டிகள், பண்டசாலைக் கூலிகள், எழுதுவினைஞர், கைவினைஞர் என ஆயிரக்கணக்கானோர் வேலை தேடி வந்தனர். வேலைத்தலத்துக்கு நடந்து செல்லக்கூடிய தூரத்தில் அவர்கள் வசிக்க வேண்டியிருந்தது. செல்வந்தர் கறுவாத் தோட்டப் பகுதிக்குப் பெயர்ந்தனர். அவர்களுடைய காணிகளில் வரிசை வரிசையாகச் சிற்றறைகள் எழுந்தன. பழைய மாளிகைத் தோட்டங்களின் பெயர் மாத்திரம் எஞ்சியது. ‘தோட்டம்’ என்ற சொல் கொழும்புத் தமிழிற் பல குடும்பங்கள் நெருங்கி வாழும் முடுக்குக் குடியிருப்பைக் குறிக்கலாயிற்று.

காலிப் பக்கத்துச் சிங்களவரும், தென்னிந்தியத் தமிழரும், மலையாளிகளும், சோனகரும், மலாயரும் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த அறைகளிற் குடியேறியது சமரச நோக்கத்தினால் அன்று. வாடகை குறைவாகவும் துறைமுகம் அண்மையிலும் இருந்தமையே காரணமாகும். அன்புடன் ஒருவரையொருவர் தெரிந்தெடுத்தவர்களல்லர் அயலவர்கள். வயிற்றுப்பாடு அவர்களை அயலவராக்கியது.

அயலவராக இருப்பது மாத்திரம் ஒற்றுமையாகாது என்பதை 1883ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச் 25ஆந் திகதி கத்தோலிக்கரின் உயிர்த்த ஞாயிறு. தீபதுத்தமாராமயவில் நடைபெற்ற பௌத்த விழாவொன்றுக்கு மேள வாத்தியங்களுடன் ஊர்வலமொன்று அன்று கொட்டாஞ்சேனையை நோக்கி வந்தது. விகாரையும் கத்தோலிக்கப் பேராலயமும் மிக அண்மையில் உள்ளவை. திருநாளன்று தம் ஆலயத்தின் அயலில் மேளம் முழங்குவதைக் கத்தோலிக்கர் அவமதிப்பாகக் கருதினர். தம் விகாரைக்குத் தாம் செல்வதைத் தடுப்பது அநீதி எனப் பௌத்தர் கருதினர். வதந்திகளும் பரவின. கல்லும் தடியும் வீசப்பட்டன. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். எவரும் தண்டிக்கப்படாமையினாற் பௌத்தர் பெரிதும் மனம் புண்பட்டனர்.

அக்கலகத்தின் பின்விளைவுகள் கொட்டாஞ்சேனையின் எல்லையைக் கடந்தன. பௌத்தர்களின் முறையீட்டைச் சுமந்துகொண்டு கேணல் ஒல்கொட் 1884இல் இலண்டனுக்குச் சென்றார். 1885 முதல் வெசாக் பூரணை அரசாங்க விடுமுறை நாளாயிற்று. அவ்வாண்டு வெசாக் தினத்தில், புதிதாக வகுக்கப்பட்ட பௌத்தக் கொடியைக் குணானந்த தேரர் தீபதுத்தமாராமயவிலே ஏற்றினார். இன்று உலகெங்கும் பௌத்த ஆலயங்களிற் பறக்கும் கொடி அதுவே. தம் சமயத்தையும் அரசு மதிக்கின்றது என்ற எண்ணம் ஒரு சாராருக்கு உண்டாயிற்று. மணியோசையும் மேள ஓசையும் மோதாதிருக்க வேண்டுமாயின், நாளும் நேரமும் வழியும் முன்கூட்டியே பேசித் தீர்க்கப்படல் வேண்டும் என்ற பாடத்தை யாவரும் கற்றனர்.

இன்றும் கொட்டாஞ்சேனையின் ஆண்டு வட்டம் அப்பாடத்தின்படியே சுழல்கின்றது எனலாம். சிவராத்திரியன்று கோயிலிற் கண்விழிப்போர் விடியற்காலையில் வீடு திரும்புவர். வெசாக் நாள்களில் தன்சல் பந்தல்களின் முன் எல்லா இனத்துச் சிறுவரும் வரிசையில் நிற்பர். ஜூன் 13இல் அந்தோனியார் திருநாள். டிசம்பர் 13இல் லூசியாள் திருநாள். தேர் வரும்போது வீதியோரத்துக் கடைக்காரர் தண்ணீர்ப் பந்தல் இடுவர். பேராலயத்தில் ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் பூசை நடைபெறும். ஊர்வலம் செல்வதற்குப் பொலிஸ் அனுமதி பெறுவதும், பிற ஆலயத்தின் வாயிலைக் கடக்கையில் வாத்தியத்தை அடக்கிக்கொள்வதும் சட்டத்திலிருந்து வழக்கமாகிவிட்டன.

பாடசாலைகளும் இவ்வகையிற் பெருந்தொண்டு புரிந்துள்ளன. 1865இல் தொடங்கிய புனித பெனடிக்ற் கல்லூரியும், 1869இல் தோன்றிய நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலையும் பல சமயத்துப் பிள்ளைகளை ஒரே வாங்கில் இருத்தின. பிள்ளை தன் தோழனின் பண்டிகைப் பலகாரத்தை உண்டு பழகிவிட்டால், பிற்காலத்தில் அவனைப் பற்றிய வதந்தியை எளிதில் நம்பமாட்டான்.

அரசியலிலும் இப்பகுதி பல சாதனைகளுக்கு இடமாயிற்று. கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து 1932இல் அரசாங்க சபைக்குத் தெரிவான திருமதி நேசம் சரவணமுத்து, அச்சபைக்குத் தேர்தல் மூலம் சென்ற இரண்டாவது பெண்மணியாவார். அவர் கணவர் வைத்திய கலாநிதி இரத்தினசோதி சரவணமுத்து 1937இற் கொழும்பின் முதலாவது மேயரானார். பல இன மக்கள் வாழ்ந்த கொழும்பு மத்திய தொகுதியை மூன்று உறுப்பினர் தொகுதியாக 1947இல் வகுத்தபோது, சிங்களவராகிய ஏ. ஈ. குணசிங்கவும், மலாயராகிய ரி. பி. ஜாயாவும், பறங்கியராகிய பீற்றர் கெனமனும் ஒருங்கே தெரிவாயினர். ஆயினும் இவ்வரலாறு முழுவதும் இனிமையானதென்று கூறுவதற்கில்லை. 1920களிற் பல இனத் தொழிலாளரையும் ஒரே சங்கத்திற் திரட்டிய குணசிங்கவே, வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த 1930களில் மலையாளிகளுக்கு எதிரான இயக்கத்தை நடத்தினார். வேலை அருகும்போது அயலவன் போட்டியாளனாகத் தோன்றுவது எங்கும் காணப்படுவதே.

அதனினும் கொடிய சோதனைகள் பின்னர் நேர்ந்தன. 1983 ஜூலை வன்செயலின்போது கொழும்பின் ஏனைய பகுதிகளைப் போலவே கொட்டாஞ்சேனையிலும் தமிழர் தாக்கப்பட்டனர். தமிழர் பலரை அயலிலிருந்த சிங்களவரும் முஸ்லிம்களும் தம் வீடுகளில் ஒளித்துக் காத்தனர் என்பதும் அந்நாளைய கொழும்பின் வரலாற்றில் ஓர் அங்கமே. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கு மாகாணங்களிலிருந்து வந்தோர் கொட்டாஞ்சேனைத் தங்குவிடுதிகளிற் தங்கி, பொலிஸ் பதிவுக்கும் தேடுதலுக்கும் அஞ்சி வாழ்ந்தனர். 2007 ஜூன் 7ஆந் திகதி, கொழும்பு விடுதிகளிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடையுத்தரவு பிறப்பித்தது.

2019 ஏப்ரில் 21. மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற் காலைப் பூசையின்போது குண்டு வெடித்தது. நாட்டின் பல இடங்களில் அன்று நிகழ்ந்த தாக்குதல்களில் 250இற்கு மேற்பட்டோர் மாண்டனர். கொச்சிக்கடையில் மாண்டவர்களுட் சிங்களவரும் இருந்தனர், தமிழரும் இருந்தனர். வணக்கத்திற்குரிய கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, எவரும் பழிவாங்கலில் இறங்கலாகாது என்று வேண்டினார். அடுத்த மாதம் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் உடைமைகள் தாக்கப்பட்டன என்பதை நோக்கும்போது, அவ்வேண்டுகோளின் அவசியம் புலனாகும். குற்றவாளி ஒருவனின் சமயத்தைக் கொண்டு அச்சமயத்தார் அனைவரையும் அளப்பது, 1883இலும் 1983இலும் இழைக்கப்பட்ட அதே தவறாகும். கடற்படையினரின் உதவியோடு செப்பனிடப்பட்ட ஆலயம், அந்தோனியார் திருநாளுக்கு முந்திய நாளாகிய ஜூன் 12இல் மீண்டும் திறக்கப்பட்டது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, கொட்டாஞ்சேனை அடங்கிய கொழும்புப் பிரதேச செயலகப் பிரிவில் எந்த ஓர் இனத்தவரும் மக்கட்டொகையிற் பாதியை எட்டவில்லை. இவ்விடத்தில் எல்லாரும் சிறுபான்மையினரே. ஆதலின், பிறருடைய நல்லெண்ணம் எவருக்கும் இன்றியமையாதது. கடைக்காரர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து மும்மொழிகளில் ஒன்றைத் தெரிந்து பேசுவதும், பொதுக் குழாயடியில் முறை தவறாது குடம் வைப்பதும், அயல் வீட்டில் மரணம் நேர்ந்தால் வானொலியின் ஒலியைக் குறைப்பதும் சிறிய செயல்களே. எனினும், நெருக்கடி நாளில் அயலவன் கதவைத் தட்டலாமா என்பதை அத்தகைய சிறு செயல்களே தீர்மானிக்கின்றன.

இப்பொழுது கொட்டாஞ்சேனை மற்றொரு மாற்றத்தினூடாகச் செல்கின்றது. பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. வட கொழும்பின் தோட்டங்களில் வாழ்ந்தோர் பலர் அரசாங்கத் தொடர்மாடிகளுக்கு மாற்றப்படுகின்றனர். தனிக் குழாயும் தனிக் கழிவறையும் அவர்களுக்குக் கிடைக்கின்றன. அவை நெடுங்காலமாக மறுக்கப்பட்ட வசதிகள். ஆனால் முடுக்கிலே முகம் பார்த்துப் பழகிய அயல், பன்னிரண்டாம் மாடியின் மூடிய கதவுக்குப் பின்னாலும் உண்டாகுமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டியதாகும். புதிய மாடங்களை அமைப்போர், பிள்ளைகள் ஒருங்கே விளையாட ஒரு முற்றமும், முதியோர் கூடிப் பேச ஒரு திண்ணையும், எல்லாச் சமயத்தாரும் விழாக் கொண்டாட ஒரு மண்டபமும் ஒதுக்குவாராயின், பழைய கொட்டாஞ்சேனையின் பாடம் அங்கும் தொடர்ந்து கற்பிக்கப்படும்.

1883இல் ஓர் ஊர்வலத்துக்கு வழிவிட மறுத்த தெருக்களில் இன்று நான்கு சமயத்தாரும் விழா எடுக்கின்றனர். நூற்றாண்டுக்கு மேலாக, பலமுறை தவறித் தவறிப் பழகிய பழக்கம் இது. எழுத்தறிவைப் போலவே, ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளையும் இதனையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். முந்திய தலைமுறை கற்றிருந்தது என்பதனால் அடுத்த தலைமுறைக்கு அது தானாக வந்துவிடாது.